சொல் கேளாத நாய்

திருநெல்வேலிச் சந்தியில் நேற்று வெள்ளைப் பிரம்போடு நின்ற ஐயா ஒருவரைக் கைபிடித்து ரோட்டைக் கடக்க வைத்தேன். "வெளிநாட்டில இதுக்கு நாய் குடுக்கிறாங்களாம், உண்மையோ தம்பி?" என்று கேட்டார்.

உண்மைதான். போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக 1916இலேயே ஜெர்மனியின் ஒல்டன்பேர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட நாய்களுக்குப் பழக்கும் பாடங்களில் எனக்குப் பிடித்தது சொல் கேளாமை. "போ" என்று எசமான் சொன்னாலும் வாகனம் வந்தால் நாய் அசையக் கூடாது. ஆனால் எப்போது கடப்பது என்று சத்தத்தைக் கேட்டு முடிவெடுப்பவர் மனிதர்தான். சிக்னல் பார்த்துச் சொல்வது நாயின் வேலை இல்லை.

எங்கள் ஜிம்மியும் சொல் கேளாது, அது வேறு விஷயம். "இரு" என்றால் படலைக்கு ஓடும். அப்பா போன பிறகு அம்மாவின் காலடியை விட்டு அசைவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி இப்படி ஆறுதல் மட்டும் தருவது சேவை நாய் ஆகாது. குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கியிருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "அவைக்கு என்ன தெரியும்" என்றார்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "அது சரி, எங்கட தெருநாயள் அதை நடக்க விடுமோ?"