இடுப்பு முறிந்த அம்மாவுக்கு ஜெல்லா, மணல் பையா?

திருத்தணி, நகரி பக்கம் எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வருவது புத்தூர்க் கட்டு. தொடை எலும்பின் உச்சியில் இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் பந்தின் கழுத்து முறிந்தவருக்கு அது வேண்டவே வேண்டாம். பந்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டுவிடும், எலும்பு கூடுவது கடினம். மாதக்கணக்கில் படுத்தால் படுக்கைப்புண், நிமோனியா, ரத்தக்கட்டி என்று வரிசையாக வரும். இரண்டு நாளுக்குள் ஆபரேஷன், மறுநாளே வாக்கர்.

அடுத்து, "ஹார்மோன் கொடுத்தால் தெம்பு வருமா?" என்று கேட்கிறார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கும், உண்மைதான். ஆனால் 2002-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், அதைப் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டியும் பக்கவாதமும் கூடின. ஆபரேஷன் முடிந்தவருக்கு ரத்தக்கட்டி ஆபத்து ஏற்கெனவே உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தோலில் பூசும் ஜெல்லையும் இடுப்பு முறிந்த, 65 தாண்டிய பெண்களிடம் அங்கே சோதித்தார்கள். 24 வாரம் பயிற்சியோடு ஜெல்லும் பூசியவர்கள், 6 நிமிடத்தில் நடக்கும் தூரத்தில், பயிற்சி மட்டும் செய்தவர்களை மிஞ்சவில்லை.

ஆகவே மணல் பை, அதாவது எடை கட்டிச் செய்யும் பயிற்சி. சர்ஜன் சம்மதித்த பிறகு வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். சுவரோடு ஒட்டிய கை வைத்த நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, எழுந்து உட்கார வேண்டும்: 8 முறை, 3 சுற்று, நடுவே 2 நிமிட ஓய்வு. கையூன்றாமல் 10 வந்தால் தலையணையை எடுத்துவிடலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்து நின்று, கணுக்காலில் அரை கிலோ பை கட்டி, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. உடம்பு சாயக்கூடாது, சாய்ந்தால் வேலை செய்வது இடுப்புத் தசை அல்ல, முதுகு. நொண்டல் நிற்பது இந்தத் தசை தேறினால்தான். 12 முறை சுலபமானதும் இன்னொரு அரை கிலோ சேருங்கள். ஆறு மாதமும் அதே அரை கிலோவைத் தூக்கினால் பலம் ஏறாது. வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இதுதான்.

ஆபரேஷனில் செயற்கைப் பந்து வைத்தவர் முதல் 12 வாரம் தரையில் உட்காரவோ, குந்தவோ, கால்மேல் கால் போடவோ கூடாது, மூட்டு நழுவிவிடலாம்.

50 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 60 கிராம் புரதம் வேண்டும். ராகி சங்கடியும் புளிக்குழம்பும் போதாது. முட்டை, பருப்பு, மீன் சேருங்கள். கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

எலும்புக்கான மருந்தைத்தான் பலர் மறக்கிறார்கள். ஜோலெட்ரோனிக் அமிலம், 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை டிரிப். ஆபரேஷனாகி இரண்டு வாரம் கழிந்த பிறகு, ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டுப் போடுவார்கள். டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுத் தேதி வாங்குங்கள்.

கைத்தடி நல்ல காலின் பக்கக் கையில். பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.