கள்ளிக்கூடத்திலிருந்து எலும்புக்கூடம் வரை: ஒரு நாள் நடை

தாவரவியல் பூங்காவும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் உள்ள ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், பூங்காவை முதலில். சொந்தபந்தமே இல்லாத உயிர்கள் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே உருவத்தில் நிற்பதைக் குவிபரிணாமம் என்கிறோம். படத்தில் பார்த்தால் ஒற்றுமை மட்டும்தான் கண்ணில் படும். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுக்கும் சில்லறை வேற்றுமைகள் நேரில் நின்றால்தான் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, சின்ன டார்ச் ஒன்று போதும்.

பாலைவனச் செடிகள் இருக்கும் கண்ணாடிக் கூடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு உள்ளே பத்து நிமிடம் நிற்பதே பாடு.

இந்த உருவ ஒற்றுமையில் தமிழே ஏமாந்திருக்கிறது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் யூபோர்பியா என்ற பேரினம்; ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் உறவு. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ். அதற்கு நெருங்கிய சொந்தம் பருப்புக்கீரை. கள்ளிமுளையான் மூன்றாவது குடும்பம், எருக்கின் வகையறா. பார்வைக்கு ஒன்றாக இருந்ததால் மூன்றுக்கும் கள்ளி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் கள்ளிப்பால் யூபோர்பியாவில்தான் வரும். சப்பாத்திக்கள்ளியை வெட்டினால் வழவழப்பான நீர்தான்.

அதற்காகக் கூடத்தில் இருக்கும் செடியைக் கீறிப் பார்த்துவிடாதீர்கள். பூங்கா விதி ஒரு பக்கம் இருக்கட்டும், யூபோர்பியாப் பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். தப்பித்தவறிப் பட்டால் தேய்க்காமல் ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். போதாக்குறைக்குப் பால் சோதனை முழுக்க நம்பகமானதும் இல்லை. மாமிலேரியா என்ற கேக்டஸ் பேரினத்தில் சில இனங்களுக்கும் பால் உண்டு.

நம்பகமானது முள் கிளம்பும் இடம். கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் பொட்டுக்கு ஏரியோல் என்று பெயர். குறுகிப்போன கிளை அது. பூவும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். முள் உதிர்ந்தாலும் பொட்டு இருக்கும். முள்ளுள்ள தூண் யூபோர்பியாக்களில் பஞ்சு இருக்காது. கெட்டியான ஒரு தகட்டின் மேல் இரண்டிரண்டாக, மாட்டுக்கொம்பு போல முட்கள் விரிந்து நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பஞ்சு பளிச்சென்று தெரியும். நேராக அடித்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும்.

பூ இருந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். கேக்டஸ் பூவில் இதழும் மகரந்தத் தாளும் ஏராளம். யூபோர்பியாவில் பூ என்று கண்ணுக்குப் படுவதே ஒரு கிண்ணம்தான். லென்ஸை வைத்தால் உள்ளே ஒற்றைத் தாள் ஆண் பூக்கள் பலவும், நடுவே ஒரு பெண் பூவும் தெரியும். காய் மூன்று அறையாகப் பிரிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஐந்து இதழ் நட்சத்திரம் போலப் பூத்து அழுகிய இறைச்சி நாற்றம் அடித்தால் அது எருக்கு வகையறா. ஈயை வரவழைக்கிற ஏற்பாடு.

கூடத்தில் தேட வேண்டிய ஜோடி, ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸும் யூபோர்பியா ஒபீசாவும். முன்னது டெக்சஸ், வடகிழக்கு மெக்சிகோவைச் சேர்ந்த கேக்டஸ். பின்னது தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தது. இரண்டும் முள்ளில்லாத உருண்டை, இரண்டிலும் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள், அதாவது விலாக்கள், பெரும்பாலும் 8. விலாவின் நடுவே பஞ்சுப் பொட்டு வரிசை ஓடினால் முன்னது. குறுக்குப் பட்டைகளும் விலா முகட்டில் சின்னத் தையல் போன்ற புடைப்புகளும் இருந்தால் பின்னது. ஒபீசாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு விதைக்குக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஏன் இரண்டும் உருண்டை? ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உருண்டைக்குத்தான். மேற்பரப்பு குறைந்தால் நீர் இழப்பும் குறையும். விலா இருப்பதால் தண்ணீர் கிடைக்கும்போது தோல் கிழியாமல் ஆர்மோனியத் துருத்தி போல விரியலாம். இலையை விட்டாயிற்று, ஆகவே உணவு தயாரிப்பது தண்டின் பொறுப்பு. இலைத்துளைகள் இரவில்தான் திறக்கும். அப்போது உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடு மாலிக் அமிலமாகத் தேங்கி, பகலில் மூடிய கதவுக்குள் சர்க்கரையாகும். விடியற்காலையில் தண்டின் சாறு மாலையைவிடப் புளிப்பாக இருப்பது அதனால்தான். இந்த இரவு வேலையையும் இரண்டு குடும்பங்களும் தனித்தனியாகத்தான் கண்டுகொண்டன. இரண்டுக்கும் பொது மூதாதை வாழ்ந்தது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். சுற்றுலாவாசிகள் மொய்ப்பது பெரிய தூண் செடிகளை. அவை படத்துக்கு நன்று, ஒப்பிட்டுப் பார்க்க இந்த உருண்டைகள்தான்.

மதியம் அருங்காட்சியகம். டாஸ்மேனியப் புலி எனப்படும் தைலசினின் மண்டையோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அறியப்பட்ட கடைசித் தைலசின் 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. மண்டையோட்டை ஓநாயினுடையதன் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். ஆனால் தைலசின் கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி. ஓநாயும் அதுவும் பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

பக்கவாட்டில் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், ஒற்றுமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அண்ணத்தைப் பாருங்கள்: தைலசினில் பின்பகுதியில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கும், ஓநாயில் அப்படி இருக்காது. மண்டையோட்டை அலமாரியில் நேராக வைத்திருந்தால் அண்ணம் மறைந்துவிடும். அப்போது மேல்தாடை வெட்டுப்பற்களை எண்ணுங்கள். தைலசினுக்குப் பக்கத்துக்கு 4, ஓநாய்க்கு 3. மொத்தப் பல் முன்னதற்கு 46, பின்னதற்கு 42. பழைய மாதிரிகளில் முன்பல் உதிர்ந்திருப்பது சகஜம் என்பதால் பல்லை மட்டும் நம்பாமல் குழியையும் சேர்த்து எண்ண வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் எதிரொளித்தால் ஃபோனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் படமெடுங்கள்.

அடுத்து இக்தியோசார். டைனோசர் காலத்துக் கடல் ஊர்வன இது. டால்ஃபின் உருவத்தை, டால்ஃபின் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே போட்டுப் பார்த்தது. வாலில் தொடங்குங்கள். டால்ஃபினின் வால் துடுப்பு கிடையாக விரிந்திருக்கும், முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையும். ஓடும் பாலூட்டியின் முதுகு அப்படித்தான். இக்தியோசாரின் வாலோ மீனைப் போலச் செங்குத்து. முதுகெலும்பு கடைசியில் கீழ்நோக்கி மடங்கி வாலின் கீழ்ப்பாதிக்குள் இறங்கும். சுறாவில் அது மேல்பாதிக்கு ஏறும். அந்த மடிப்பு புதைந்தபோது ஒடிந்தது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. மேல்பாதியில் எலும்பே கிடையாதே, தெரிய வழி ஏது? ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பாறைகளில் தோலின் விளிம்போடு கிடைத்த புதைபடிவங்கள் 1890களில் குழப்பத்தைத் தீர்த்தன. பழைய வரைபடங்களில் இக்தியோசார் நேர்வாலோடு இருக்கக் கண்டால் வரைந்தவரைக் குறை சொல்ல வேண்டாம்.

வாலில் சந்தேகம் இருந்தால் பின்துடுப்பைத் தேடுங்கள். இக்தியோசாருக்கு உண்டு, டால்ஃபினுக்கு உடலுக்குள் மிச்சமாக இரண்டு சின்ன இடுப்பெலும்புகள் மட்டுமே.

கடைசியாக இறக்கைகள். பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான். பறவை, வௌவால், டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார் மூன்றுக்கும் கையெலும்புகள் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து. அந்தக் கையை இறக்கையாக்கியது மட்டும் அவரவர் சம்பாத்தியம். பறவையில் விரல்கள் ஒட்டிக் குறுகிவிட்டன. பறக்கும் பரப்பு இறகு. வௌவாலில் கட்டைவிரல் தனியாக நிற்க, மற்ற நான்கும் குடைக்கம்பி போல நீண்டு தோலைத் தாங்குகின்றன. டெரோசார் எலும்புக்கூட்டில் கட்டைவிரலிலிருந்து எண்ணுங்கள்: நகத்தோடு மூன்று சிறு விரல்கள் வரும், நான்காவது ஒன்றே இறக்கை முழுவதையும் சுமக்கும். ஐந்தாவதைத் தேடாதீர்கள், அது கிடையாது.