ஜீப் அடியில் ஒரு "டக்"

மூன்று வாரமாக ஜீப்பின் அடியில் ஒரு "டக்". மஞ்சக்குப்பம் சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒன்று, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொன்று. கியர்பாக்ஸை இறக்கணும் என்று ஒருவர் சொன்னதும் மனசே விட்டுப்போனது. அப்பா ஓட்டிய வண்டி இது.

நேற்று தேவனாம்பட்டினத்தில் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, அடியில் படுத்தார். "தம்பி, இங்க கையை வைங்க" என்று சொல்லி, பின் புரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை, இப்படியும் அப்படியும் திருப்பினார். ஷாஃப்ட் முதலில் அசைந்தது, டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கத்து யோக், அதாவது ஷாஃப்டை மாட்டும் கவை, கொஞ்சம் தாமதித்துத்தான் அசைந்தது. அந்த இடைவெளியில்தான் டக்! இரண்டையும் இணைக்கும் கூட்டல் குறி மாதிரியான துண்டுதான் கிராஸ்; அதன் முனையை மூடும் கப்பின் ஓரத்தில் மிளகாய்த்தூள் மாதிரி செந்துரு. கிரீஸ் காய்ந்து, கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது. மெதுவாகப் போகும்போது கேட்ட கீச் கீச்சும் அதுதான். வேகம் கூடக் கூட அதுவும் நெருங்கி நெருங்கி வந்தது.

கிராஸை மாற்றி, ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் ஸ்லிப் யோக்கிலும் கிரீஸ் அடித்தார். சத்தம் நின்றது. கியர்பாக்ஸைத் தொடவே இல்லை.

அப்புறம், பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் நிலை) போட்டு வளைத்தால் வண்டி இழுத்துப்பிடித்துக்கொண்டு முட்டும். அது பழுது இல்லை. திருப்பத்தில் பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் இறுகத்தான் செய்யும். மணலிலும் சேற்றிலும் மட்டும் போடுங்கள்.