அமுங்காத குதிகால்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. எலும்பு பலம் குறைந்து வருகிறது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னதால் இரண்டு வருடம் முன்பு பெருந்துறை ரோட்டில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு ஷூ வாங்கப் போனேன். ஜிம்முக்கு என்றதும் கடைக்காரத் தம்பி எடுத்துக் கொடுத்தது ஓடுவதற்கான ஷூ. 5,800 ரூபாய். போட்டு நின்றால் பஞ்சு மெத்தைதான். அந்தப் பஞ்சுதான் வினை.

ஸ்குவாட் என்றால் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. வெறும் 20 கிலோ கம்பியோடு அதைச் செய்தவரை ஒன்றும் தெரியவில்லை. 45 கிலோ ஏறியதும் வலது முட்டி உள்பக்கம் சாய ஆரம்பித்தது. இடுப்பில் பலம் போதவில்லை என்றே நினைத்தேன். கோச் பின்னாலிருந்து என் குதிகாலை மட்டும் செல்போனில் படம் பிடித்துக் காட்டினார். கீழே உட்கார உட்கார ஷூவின் நுரை உள்பக்கமாக நசுங்குகிறது, பாதம் சரிகிறது, கூடவே முட்டியும் போகிறது. ஓடும்போது விழுகிற அதிர்ச்சியைத் தாங்கத்தான் அந்த நுரை. தோளில் கம்பி இருக்கையில் தரையை ஊன்றி மிதித்தால்தான் எழ முடியும். அந்த மிதியையும் நுரை தின்றுவிடுகிறது.

மறுநாள் மண்டியில் கண் தானாகக் கீழே போனது. சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் மூட்டையிடம் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காத காட்சி. மூட்டை முதுகில் ஏறியதும் அவர் கால்விரல்கள் ஐந்தும் விரிந்து சிமெண்ட் தரையைக் கவ்வின. நகத்தைச் சுற்றி மஞ்சள் தூள். ஏனுங்கண்ணா கழற்றுறீங்க என்று கேட்டேன்.

“செருப்போட தூக்குனா கால் நிக்காதுங்க அம்மிணி. வெரலு தரையைப் புடிக்கோணும்.”

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்ப்பதே சரி. உள்ளே விரலை விரிக்க முடிகிறதா, ஷூவின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறதா, இந்த இரண்டை மட்டும் பார்த்தேன். தட்டையான ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ, 750 ரூபாய். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து நிமிரும் டெட்லிஃப்டுக்கு இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. அடி மெலிசாக இருப்பதால் கம்பியைத் தூக்க வேண்டிய தூரமும் அந்த அளவுக்குக் குறைவு. வெறுங்காலோடு தூக்குகிறவர்களும் உண்டு. எங்கள் ஜிம்மில் விடமாட்டார்கள்.

ஸ்குவாட்டுக்கு மட்டும் இன்னொரு சிக்கல். என் கணுக்கால் மடங்காது, ஆழமாக உட்கார்ந்தால் குதிகால் தூக்கும். கோச் வெறும் கம்பியைக் கொடுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் 2.5 கிலோ எடைத் தட்டு ஒவ்வொன்று வைத்தார். முதுகு நிமிர்ந்தபடியே இறங்கினேன். அதன் பிறகு யோசிக்காமல், குதிகால் 2 சென்டிமீட்டர் உயர்ந்த பளுதூக்கும் ஷூவுக்குப் பணம் சேர்த்து வாங்கினேன். கெட்டியான குதிகால், பாதத்தை இறுக்கிப் பிடிக்க மேலே ஒரு பட்டை. கணுக்கால் நன்றாக மடங்குகிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். பழைய ஷூ வீணாகவில்லை, காலையில் வ.உ.சி. பூங்காவில் நடக்க அதுதான்.

புது ஷூவை மண்டிக்கு எடுத்துப் போயிருந்தேன். அந்த அண்ணன் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமலே கட்டைவிரலால் குதிகாலை ஒரு அழுத்து அழுத்தினார்.

“அமுங்கலீங்க அம்மிணி. இதுல தூக்கலாம்.”