பானட் சுட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்

என் மச்சினனுக்கு ஏழு சீட்டு வண்டி வேண்டுமாம். பாலக்கோட்டில் மாந்தோப்பு, இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பா அம்மா, லீவு விட்டால் ஒகேனக்கல், தீர்த்தமலை என்று மொத்தமாகக் கிளம்பும் குடும்பம். புது வண்டி வாங்கக் காசு இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 500 இருக்கிறது, பெங்களூரு நம்பர், 2016 மாடல், டீசல், ஒரே ஓனர், 78,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று புரோக்கர் போட்டோ அனுப்ப, "மாமா, நீங்களும் ஒரு எட்டு வாங்க" என்றான்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நாங்கள் எட்டேகாலுக்கே போய் நின்றோம். பானட் மேல் கை வைத்தேன், சுட்டது. "கழுவிட்டு நகர்த்தி வெச்சோம் சார்" என்றார் புரோக்கர். நகர்த்தி வைத்ததற்கு இவ்வளவு சூடு வராது. டீசல் இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான் உள்ளதைச் சொல்லும். ஒரு தடவை சூடாக்கிவிட்டால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் குளோ பிளக், இவற்றின் கோளாறெல்லாம் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். அதனால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆறரைக்குப் போனோம், இந்தத் தடவை தருமபுரியிலிருந்து எங்கள் மெக்கானிக் பாயையும் கூட்டிக்கொண்டு. சாவியைத் திருப்பினால் கிர்ர்ர் என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு ஸ்டார்ட் ஆனது. "நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், இப்பவே கிளம்பிடலாம். இது செலவு வைக்கும், அவ்ளோதான்" என்றார் பாய். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், லேசான ஆவி மட்டும். சரி.

அப்புறம்தான் அந்த ஸ்டிக்கர். பானட்டின் உள்பக்கம், ஓரமாக, சூட்டில் பழுப்பேறிப் பாதி உரிந்த ஒரு ஆயில் கடை ஸ்டிக்கர். பேனாவில் எழுதியிருந்தது: அடுத்த ஆயில் மாற்ற வேண்டியது 1,12,000 கிலோமீட்டரில். உள்ளே மீட்டரில் 78,340. கழுவியவர்கள், டேஷ்போர்டை பாலிஷ் போட்டவர்கள், யாருக்குமே இது கண்ணில் படவில்லை! கேட்டதும் புரோக்கர் சட்டென்று, "பழைய ஓனர் தப்பா எழுதியிருப்பார்" என்றார். ஒரே ஓனர் என்றீர்களே என்றேன். போன் பேசப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அந்த ஸ்டிக்கருக்குச் சாட்சி சொல்வது போலவே இருந்தது. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஒரு ஓரம் இரும்பு தெரிந்தது, டிரைவர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு அமுங்கிப் போயிருந்தது. 78,000 ஓடிய வண்டியில் இவ்வளவு தேயாது. வலது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போல்ட்டில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தது, ஆக அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், எங்கேயாவது இடித்திருக்கலாம். பெங்களூரு வண்டி என்பதால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன்; 2022 செப்டம்பர் மழையில் அங்கே சர்ஜாபூர் சாலைப் பக்கம் எத்தனையோ கார்கள் மூழ்கின, மேலே என்னதான் கழுவினாலும் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கோடு நிற்கும். இதில் இல்லை, நல்லவேளை. தருமபுரியில் இருக்கும் வண்டியென்றால் தொப்பூர் கணவாயில் இறக்கி, திரும்ப ஏற்றியும் பார்த்திருப்பேன். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் போய்விட்டது.

இன்னொன்று, கே.ஏ. (கர்நாடக) நம்பர் வண்டி விலை குறைவு என்று நம் பக்கம் எல்லாருக்கும் ஒரு ஆசை. அங்கே ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, நம்பர் மாற்றி, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைந்து முடிக்கும்போது அந்தக் குறைவு எங்கே போனதென்றே தெரியாது.

ஆறரை லட்சம் சொன்னார்கள். 1,12,000 கிலோமீட்டருக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவு ஓடிய வண்டியை விற்பது கூடத் தப்பில்லை, மீட்டரைக் குறைத்ததுதான் எரிச்சல். புரோக்கர் சிரித்தார், நாங்கள் கிளம்பினோம்.

மச்சினன் இன்னும் அந்த போட்டோவை அழிக்கவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தான், காவேரிப்பட்டணத்தில் ஒரு இன்னோவா இருக்கிறதாம்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஒம்பது மணிக்கு மாமா."

"ஆறு மணிக்கு ரெடியா இரு."