பெரியவனுக்குப் புதுநன்மை வாங்கிய கதை

போன ஞாயிறு என் பிள்ளைகள் இருவரும் ஒரே பூசையில் புதுநன்மை வாங்கினார்கள். கத்தோலிக்கர்களான நாங்கள் கிறிஸ்துவின் திருவுடலாக வாங்கும் நற்கருணை அப்பத்தை ஒரு பிள்ளை முதன்முறையாக வாங்குவதுதான் புதுநன்மை. சின்னவளுக்கு எட்டு வயது. அவள் விஷயம் ஒரு வரிதான்: பெயர் கொடுத்தோம், வகுப்புக்குப் போனாள், மந்திரம் ஒப்பித்தாள், வெள்ளை கவுன் தைத்தோம், முடிந்தது. பெரியவனுக்குப் பத்து வயது, ஆட்டிசம். பேச்சு என்றால் 'வேணும்', 'போதும்', 'போலாம்', இந்த மூன்றுதான். அவனுக்குப் பத்து மாதம் அலைந்தோம். அலைந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஜூன் மாதம் புதுநன்மைக்கான மறைக்கல்வி வகுப்புக்குப் பெயர் எழுதினார்கள். டீச்சர் சின்னவள் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"பெரியவனையும் எழுதிக்கங்க டீச்சர்."

"அவனுக்கு எதுக்கும்மா? பாவமே செய்யாத பிள்ளை. சம்மனசு மாதிரி."

அந்தச் சம்மனசு (தேவதூதர்) தங்கச்சியைத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டு அவள் நெற்றியில் மூன்று தையல் போட வைத்தது அவருக்குத் தெரியாது. சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார்: "பரலோக மந்திரம் சொல்லுவானா? வாயில வச்சதைத் துப்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

இவனுடைய யூ.டி.ஐ.டி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு மருத்துவமனையில் 40 கேள்விகள் உள்ள மதிப்பீட்டுத்தாளை வைத்துப் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். சொந்தக் கோயிலில் இரண்டே கேள்வியில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்றால், இரண்டு வருடமாக நான் நன்மை வாங்கப் போகும்போதெல்லாம் இவனும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவான். என் முறை வந்ததும் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிடுவார்கள். திரும்பி இடத்துக்கு வரும்வரை வாய் மூடாது. உட்கார்ந்த பிறகுதான் அழுவான்.

நேரே ஃபாதரிடம் போனேன். இதைச் சொன்னதும், "அது போதும்மா" என்றார். போப்பாண்டவர் புனித பத்தாம் பத்திநாதர் 1910-ல் புதுநன்மை வயதை ஏழு வாக்கில் கொண்டுவந்தபோது, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் பிள்ளைக்கு வேறுபாடு தெரிந்தால் போதும் என்றுதான் சொன்னாராம். 2020-ல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டியிலும், எவ்வளவு கடுமையான குறைபாடு இருந்தாலும் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருள்சாதனங்களை மறுக்கக் கூடாது என்ற கருத்து இருக்கிறதாம். என்னைப் போல யாராவது வாசலில் நின்றுகொண்டிருந்தால் 1910, 2020 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு கோயில் பொறுப்பில் இருக்கும் பங்குத்தந்தையிடமே பேசுங்கள். நடுவில் இருப்பவர்களிடம் வாதாடி நேரத்தை விடாதீர்கள்.

அப்புறம் காகிதம், அதாவது ஞானஸ்நானச் சான்றிதழ். இவன் தலைப்பிள்ளை, என் அம்மா வீட்டில் பிறந்தவன். ஞானஸ்நானம் திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில். போனில் கேட்டபோது "வாங்க, குடுத்துடலாம்" என்றார்கள். காரைக்குடியில் விடியற்காலை பஸ் ஏறி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல். போனால் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. திங்கட்கிழமை விடுமுறையாம். போனில் பேசியவர் அதை மட்டும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. சிங்கம்புணரி வரை கத்தினான். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் முறை அவர் மட்டும் போய் வாங்கி வந்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர்! பதிவேட்டில் சரியாக இருந்தது, பார்த்து எழுதியவர்தான் மாற்றிவிட்டார். மறுபடி ஒரு நடை. முத்திரை போடுவதற்கு முன்னால் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தால் அந்தப் பஸ் காசு மிஞ்சியிருக்கும்.

துப்பிவிடுவானோ என்ற பயம் எனக்கும் இருந்தது. இவன் சாப்பாடெல்லாம் மொறுமொறுப்புதான்: சீப்புச் சீடை, கைமுறுக்கு, அப்பளம். நாக்கில் ஒட்டுவது எதுவும் ஆகாது. போதாததற்கு, கோதுமையை நிறுத்தினால் பேச்சு வரும் என்று சொந்தக்காரர்கள் சொல்லி மூன்று மாதம் நிறுத்தியிருந்தோம். பேச்சு வரவில்லை, சப்பாத்திதான் போனது. நற்கருணை அப்பமோ கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும், வேறு மாவு செல்லாது.

கன்னியர் மடத்தில் அப்பம் சுடும் சிஸ்டரிடம் கேட்டேன். வட்டமாக வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரத்துண்டுகளை ஒரு கவர் நிறையக் கொடுத்தார். முதல் நாள் துப்பினான். இரண்டாம் நாள் நாய்க்குப் போட்டான். நகம் அளவு கிள்ளி, நாக்கில் வைத்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். பத்தாம் நாளோ என்னவோ, முழுங்கினான். சின்னத் துண்டு போதும், அதிலும் முழு ஆண்டவர்தான் என்று ஃபாதர் சொல்லியிருந்தார்.

வரிசையில் நடக்க வீட்டிலேயே பழக்கினோம். நாங்கள் இருப்பது பழைய செட்டியார் வீட்டில் ஒரு பகுதி. முகப்பில் நின்றால் வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. பெரியவன் ஆத்தங்குடித் தரைக்கல்லில் பூப் போட்ட இடத்தில் மட்டும்தான் கால் வைப்பான், அதனால் கோடு தவறவே இல்லை. பின்கட்டில் சின்னவள் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கையில் ஓலைக் கொட்டானில் ஓரத்துண்டுகளோடு ஃபாதராக நிற்பாள். "கிறிஸ்துவின் திருவுடல்" என்பாள் கடுமையான குரலில். அவன் "ம்ம்" என்பான். "ஆமென் சொல்லுடா!" என்று பூசை பாதியில் நிற்கும். என் மாமியார் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு" என்று முணுமுணுப்பார். மூன்றாம் வாரம் அவரே வரிசையில் நின்றார்.

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தெரபி வகுப்பில் பழகிய படஅட்டைகளை எடுத்துப் போனோம். ஃபாதர் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளைப் புரட்டினான். 'தள்ளுதல்' அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தான். தேடித் தேடி, தங்கச்சியின் போட்டோவை அதன் மேல் வைத்தான். நான் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தலையில் கை வைத்தால் இவன் அலறுவான் என்று முன்பே சொல்லியிருந்ததால், தொடாமல் கையை மட்டும் உயர்த்தி மன்னிப்பு வழங்கினார். உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஏதாவது ஆகாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உபவாசம். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் சாப்பிடக் கூடாது, பூசை தொடங்குவதற்கு முன்பு அல்ல. இவன் பசி தாங்க மாட்டான். கோயில் வாசல் வரை சீடை கொடுத்துக் கூட்டிப்போனேன், நேரம் சரியாக இருந்தது.

அன்றைக்கு ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். காதில் ஹெட்போன். ஈரக் கைக்குட்டையோடு நான் பின்னாலேயே போனேன். கையில் கொடுத்த மெழுகுவர்த்தியைப் பிறந்தநாள் என்று நினைத்து ஊதி அணைத்தான். பக்கத்துப் பையனுடையதையும் சேர்த்து. அவன் முறை வந்தது. வாயைத் திறந்தான். ஃபாதர் சின்னத் துண்டு ஒன்றை வைத்தார். வாய் மூடியது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இடத்துக்கு வந்து உட்கார்ந்து, "வேணும்" என்றான்.

வாசலில் மறைக்கல்வி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சான்றிதழ்களை அவர்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பெரியவனுடையதில் இனிஷியல் தப்பு. வியாழக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை போக மாட்டேன்.