லாரி ஓனர் நீட்டுகிற பணத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

கடலூரிலிருந்து பாண்டிக்கு பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பார்கள். அதே ரோட்டில்தான் டேங்கர், டாரஸ், கன்டெய்னர் எல்லாம் ஓடுகிறது. அதனால் இதை நம்ம ஊர்க்காரர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவர், வயது 34. முள்ளோடை பக்கம் பின்னால் வந்த லாரி இடித்ததில் வலது கால் முட்டிக்குக் கீழே எலும்பு ரெண்டாக உடைந்து, பிளேட் வைத்து, கொஞ்ச நாள் காலுக்கு வெளியேயும் கம்பி மாட்டியிருந்தார்கள். அவர் வார்டில் படுத்திருக்கும்போதே லாரி ஓனர் தரப்பிலிருந்து ஒருத்தர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா வருஷக்கணக்குல இழுக்கும், இப்போதைக்கு முப்பதாயிரம் வச்சுக்குங்க, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். அந்தப் பேப்பரில் பைக்காரர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார் என்று டைப் அடித்திருந்தது.

நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அத்தை கேட்ட கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்பார்கள்: "அந்த டிரைவரும் புள்ளகுட்டிக்காரன்தானே, அவன் எங்க போயி பணம் கட்டுவான்?" அவர் கட்ட வேண்டியதே இல்லை, அதைத்தான் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே இப்படி அடிபடுகிறவர்களுக்காகத்தான். லாரி ஓனரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, வாகன விபத்து நஷ்டஈட்டைக் கோர்ட்டில் விசாரிக்கிற தீர்ப்பாயத்தில் மனு போடுகிறோம், இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிதான் பணம் கொடுக்கும். டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்று தெரியவந்தால்கூட, கம்பெனி முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவு போடுவது வழக்கம். ஆக, அந்த முப்பதாயிரம் டிரைவர் மேல் இரக்கப்பட்டு வாங்குவதல்ல, நமக்கு வர வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குவது.

அடுத்த குழப்பம் எல்லை. முள்ளோடையில் ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் புதுச்சேரி. எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, அடிபட்டவர் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். மாப்பிள்ளை கடலூர்க்காரர் என்பதால் மஞ்சக்குப்பம் கோர்ட்டிலேயே போட்டோம். கட்டை வைத்துக்கொண்டு நடக்கிறவரை பாண்டிக்கு பஸ் ஏற்றி இறக்காமல் தப்பித்தது இதனால்தான்.

சரி, இதை நன்றாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் டாக்டர் ஏ.ஆர்., அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், என்று ஒரு பதிவு போடுவார். எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தது என்று ரெண்டு மூன்று வரிதான் இருக்கும். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த புண்ணியவான் பதற்றத்தில் "வண்டியில இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறார், அப்படியே பதிவாகிவிட்டது. லாரி என்ற வார்த்தையே அதில் இல்லை. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்ததே அந்தப் பேப்பரைத்தான்: "நீங்களே விழுந்ததாத்தானே ஆஸ்பத்திரியில பதிவு இருக்கு?" நல்லவேளை, எஃப்.ஐ.ஆரில் லாரி நம்பர் தெளிவாக இருந்தது, எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் கோர்ட்டுக்கு வந்து தான் பார்த்ததைச் சொன்னார். உங்கள் வீட்டு ஆளுக்கு இப்படி நடந்தால், மயக்கம் தெளிவதற்குள்ளேயே டூட்டி டாக்டரிடம் லாரி மோதியது, லாரி நம்பர் இது என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். நம்பர் கிடைக்காமல் லாரி ஓடிவிட்டால் கதையே வேறு. அப்போது அரசு திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம்தான்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மே முதல் நாடு முழுக்க சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் கேளுங்கள்.

இப்போது கணக்கு. நஷ்டஈட்டை யாரும் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. 2009இல் சரளா வர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட், வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதுக்கு ஏற்ற பெருக்கு எண் கொடுத்திருக்கிறது; 31 முதல் 35 வயது வரை 16. மாப்பிள்ளைக்கு மாசம் 18,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 2,16,000, அதை 16ஆல் பெருக்கினால் 34,56,000. இதில் எத்தனை சதவீதம் என்பதில்தான் சண்டையே. மெடிக்கல் போர்டு காலுக்கு 35 சதவீத ஊனம் என்று எழுதினால் கம்பெனி அந்த 35-ஐயே பிடித்துக்கொண்டு 12,09,600 என்று நிற்கும். ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கு இன்றைக்கு முட்டி பாதிதான் மடங்குகிறது, பாத்ரூமுக்கே நாற்காலி போட்டிருக்கிறோம். ஊனச் சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் அந்தத் தொழிலில் போன வருமானம் வேறு, ரெண்டாவதைத்தான் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதே கணக்கில் 70 சதவீதம் என்று நிரூபித்தால் 24,19,200. சொந்தமாகத் தொழில் செய்கிற 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால வருமான உயர்வு என்று வருமானத்தில் 40 சதவீதம் கூட்டிக் கணக்குப் போடுவது நிரந்தர ஊனமானவர்களுக்கும் உண்டு, அதை 2020இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருத்துவச் செலவு, வலி, உடனிருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் தனி. அந்த முப்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வயிறு எரிகிறது.

அந்த 18,000-ஐக் காட்டுவதுதான் கூலி வேலைக்காரருக்குக் கஷ்டம், சம்பள ரசீது கிடையாதே. மேஸ்திரி எழுதிக் கொடுத்த கடிதம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, ஜிபேயில் கூலி வந்த பதிவு, பாஸ்புக் எல்லாவற்றையும் கொடுத்தோம்.

வக்கீல் விஷயத்திலும் கவனம் வேண்டும். வார்டுக்கே வந்து விசிட்டிங் கார்டு கொடுத்து, வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கப் பார்க்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள், அவர்களை அண்டவே விடாதீர்கள். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. நாங்கள் ஃபீஸை முன்னாலேயே பேசி எழுதிக்கொண்டோம். கையில் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்வார்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவசமாக வக்கீல் உண்டு. மனு போட்டதும் எம்.சி.ஓ.பி. நம்பரை, அதாவது உங்கள் விபத்து வழக்கின் நம்பரை, வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம்.

ஒரு தேதியை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இப்போது கம்பெனி தரப்பு மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது. அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் பணம் வரும், ஆனால் அப்பீல் கிடையாது. மாப்பிள்ளைக்கு பிளேட் எடுக்கிற ஆபரேஷன் இன்னும் பாக்கி. அதற்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி மனுவோடு சேர்த்திருக்கிறோம், அதையும் கணக்கில் எடுத்து அவர்கள் ஒரு தொகை சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்று வக்கீல் மூலம் சொல்லிவிட்டோம்.